கிடங்குச் சுவரில் தேன்

மாசி 4

விடியும்போதே புழுக்கம். ஜெராய் மலை தெரியவில்லை. எங்கேயோ லாலான் புல் எரிகிறது, ஊர் முழுக்கப் புகை. பொதுக் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர். வரிசையில் நின்று ஒரு வாளி.

காகிதம்: துணிக்கடை ரசீதுத் தாள், பின்பக்கம். வீட்டுக்காரர் வேலை பார்த்த கடை. கடையை மூடி, அவரைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வீட்டில் மிஞ்சியவை. அவரிடமிருந்து சேதி இல்லை. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் அன்றைக்கு வேலை ஓடாது. கண்ணில் படுவதை மட்டும் எழுதுவேன்.

பட்டவை:
— இலவங்காய் வெடித்து, கடை முன்நடை அஞ்சடியெல்லாம் பஞ்சு. தலையணைக்குப் பொறுக்கலாம்.
— நாய்கள் வற்றின சாக்கடைக்குள் படுத்துக் கிடக்கின்றன. அங்கேதான் கொஞ்சம் ஈரம்.
— துணிக்கடைப் பின்சுவரில், கதவுக்கு மேலே காற்றுத் துவாரத்தில் தேனீ போய் வருகிறது. சின்ன ஜாதி, பொந்தில் கட்டுவது. நம் சமையல்கட்டிலிருந்து நேராகத் தெரிகிறது. கடை இப்போது அரிசிக் கிடங்கு. ஊருக்குக் கொடி சயாம்காரன் கொடி, அரிசிக்குக் காவல் ஜப்பான்காரன். தேனீக்கு மட்டும் பாஸ் வேண்டாம்.

காவேரி கால் நேற்றைவிட மோசம். காவேரி அவருடைய தங்கை. பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள். அங்கே வேலையும் அரிசியும் இல்லை என்றானதும், கணுக்காலில் புண்ணோடு, மரவள்ளி லாரியில் ஏறி என்னிடம் வந்தாள். முள் கீறினதுதானாம். இப்போது உள்ளங்கை அகலம். நாற்றம். (இனிமேல் கா. என்றே எழுதுவேன். மை மிச்சம்.)

மாசி 6

ஆஸ்பத்திரி. கக் சோமின் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, கா.வை அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கக் சோம் பின்வரிசை வீட்டு மலாய்க்காரி. தஞ்சோங் டாவாயிலிருந்து மீனும் பெலாச்சான் இறால் விழுதும் கொண்டுவந்து விற்பவள். வண்டி பூரா பெலாச்சான் வாடை. "என் கால் நாத்தம் தெரியாது, நல்லதாப் போச்சு," என்றாள் கா.

டாக்டர் இல்லை. கட்டுப் போடும் டிரஸர் மட்டும். மலையாளி. நல்ல மனிதர், தூக்கமில்லாத கண். மருந்து அலமாரியைத் திறந்தே காட்டினார்: மயில்துத்தம், பழைய துணி. வேறு ஒன்றுமில்லை. மயில்துத்தம் வைத்துத் தேய்த்தபோது கா. கத்தவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் சிவப்பாக.

பிறகு டிரஸர் என்னைத் தனியே கூட்டிப்போய், "எலும்புக்கு எறங்கிடுச்சின்னா காலை எடுத்தாகணும் அம்மா. மாசக் கடைசியில அலோர் ஸ்டாருக்கு லாரி போகுது. ஏத்தி விடறேன். விட்டா உயிருக்கே ஆபத்து," என்றார்.

"எடுத்தா பொழைப்பாளா?"

அவர் அலமாரியைச் சாத்தினார். "அங்கேயும் மயக்க மருந்து இருக்கான்னு தெரியாது."

திரும்பும்போது ஆஸ்பத்திரி ரோட்டில் அங்சானா மரம் ஒரே நாளில் பூத்துக் கொட்டியிருந்தது. ரோடே மஞ்சள். வண்டிச் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. கா. அதைக் குனிந்து பார்த்து, "தோட்டத்துல இந்நேரம் ரப்பர் எல சிவந்து கொட்டியிருக்கும் அண்ணி. நடந்தா சரசரன்னு." இன்னும் கொஞ்ச தூரம் போய், "அவரு சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஒத்தக் காலோட வந்தா எந்தக் கங்காணி எனக்கு மரம் வெட்ட நெரை குடுப்பான்?"

 மேடு. தள்ள வேண்டியிருந்தது.

மாசி 7

வெட்ட விடப் போவதில்லை. அது முடிவு. எப்படி என்றுதான் தெரியவில்லை.

செய்து பார்த்தவை: உப்பு போட்டுக் காய்ச்சின தண்ணீர் (உப்புத் தீர்ந்தது). வேப்பிலை. மஞ்சள், அதுவும் தீர்ந்தது. புண் ஆற்றும் எம் அண்ட் பி மாத்திரை இருக்கிறதா என்று சீனக் கடைத் தவுக்கேயிடம் மெதுவாகக் கேட்டேன். சிரித்தான். "அதுக்குப் பொன்னு குடுத்தாலும் கிடைக்காது லா."

மரவள்ளி அவித்தது. மரவள்ளிக் கீரை. மரவள்ளிதான்.

சாயங்காலம் தந்திக் கம்பி முழுக்கத் தகைவிலான் குருவி. இடம் பிடிக்க ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. காவல் சிப்பாய்கூட அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஊரிலும் இது உண்டோ என்னமோ.

மாசி 9

கக் சோம் வந்தாள். மீன் தலை கொடுத்தாள். கட்டைப் பிரித்துப் பார்த்தாள், மூக்கை மூடவில்லை.

"மாடு போட்டியா?"

"மாடா?"

"மாடு லா! லெபா மாடு." கையைப் பறக்கவிட்டு, ஸ்ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக் காட்டினாள். பிறகுதான் புரிந்தது. அவள் பாஷையில் மாடு என்றால் தேன். கா. சிரித்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு.

கக் சோம் தம்பி காலில் கடல் கெளுத்தி முள் குத்தி இப்படித்தான் அழுகியதாம். தேன் வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தார்களாம். "இப்ப அவன் பிராகுப் படகுல நின்னு வலை போடறான். ஆனா கடைத் தேன் வேணாம். அது சீனித் தண்ணி. கூட்டுலேர்ந்து எடுத்ததுதான்."

அவளுக்கு நம்பிக்கை. எனக்குப் பாதி. பாதி போதும்.

சீன மருந்துக்கடை, பசார், கோயில் பக்கத்துக் கடை, எல்லாம் சுற்றினேன். கூட்டுத் தேன் எங்கும் இல்லை. வெயிலில் தலை சுற்றி, வீட்டுப் பின்பக்கம் வந்து உட்கார்ந்தேன். எதிரே கிடங்குச் சுவர்.

மாசி 10

மத்தியானம் முழுவதும் தேனீயைப் பார்த்தேன். வேறு வேலை செய்யவில்லை.

— துவாரத்து மரச்சட்டம் ஒரு பக்கம் இற்றுப் போயிருக்கிறது. கூடு அதற்கு உள்ளே.
— எல்லாம் ஒரே திக்கில் போகின்றன, ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டத்தை நோக்கி. கா. சொன்னாள்: இலை கொட்டி இளந்துளிர் விடும்போது ரப்பர் இலைக் காம்பில் தித்திப்பு ஊறும், தேனீ மொய்க்கும் என்று. அப்படியென்றால் இப்போது கூட்டில் தேன் இருக்கும்.
— ஏணி வேண்டும். புகை வேண்டும். அனுமதி வேண்டும். கடைசி ஒன்றுதான் கஷ்டம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூச்சல். காவல் சிப்பாய் விளையாட்டாகத் துப்பாக்கிக் கட்டையால் சட்டத்தைத் தட்டியிருக்கிறான். தலையைக் கையால் மூடிக்கொண்டு அஞ்சடியில் ஓடினான். வரிசை வீடு பூரா ஜன்னல் சாத்தி, உள்ளே சிரிப்பு. நானும்.

சிரிப்பு நிலைக்கவில்லை. குழாயடியில் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி சபாபதி சொன்னார்: "அதிகாரிக்குக் கோபம். நாளைக்குத் தீப்பந்தம் வெச்சிக் கொளுத்தச் சொல்லிட்டாரு."

மாசி 11

போனேன். பார்த்தேன். கேட்டேன். வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இருக்கிறதில் கிழியாத சேலையைக் கட்டிக்கொண்டேன். கா. தடுத்தாள். "அறைஞ்சா என்ன செய்வீங்க அண்ணி?" "வாங்கிக்குவேன்."

கிடங்கு வாசலில் குனிந்து வணங்கினேன். சபாபதி என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். அதிகாரி விசிறியோடு உட்கார்ந்திருந்தார். கண் வீங்கின சிப்பாய் பக்கத்தில். பந்தம் தயாராகச் சுவரில் சாத்தியிருந்தது.

"என்னம்மா வேணும்? போங்க, போங்க," என்றார் சபாபதி.

"பந்தம் வெச்சா தேனீ மட்டுமா எரியும்? மேலே அத்தாப்பு ஓலை ஒட்டுக் கூரை. உள்ளே அரிசி. மழை கண்டு எத்தனை நாளாச்சு. குழாயில தண்ணி இல்ல, எதை ஊத்தி அணைப்பீங்க? இதை அப்படியே சொல்லுங்க."

"நான் சொல்லமாட்டேன். எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு."

"அரிசி எரிஞ்சா யார் தலை போகும், கிராணி ஐயா?"

அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். பிறகு அவருக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில், மேலே கூரையையும் மூட்டைகளையும் காட்டிக் காட்டிச் சொன்னார். அதிகாரி எழுந்து வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"பின்னே யார் எடுப்பாங்கன்னு கேக்குறாரு."

"நான்."

தேனீக் கூட்டைக் கையால் தொட்டதில்லை. அதைச் சொல்லவில்லை.

அதிகாரி சிரித்தார். பெரிய சிரிப்பு. சிப்பாயும் ஒரு கண்ணால் சிரித்தான். நாளைக்கு மத்தியானத்துக்குள் எடுக்க வேண்டும். தேன் கிடங்குக்குச் சேர வேண்டும். எடுக்காவிட்டால் பந்தம், எனக்கும் தண்டனை. சரி என்று குனிந்தேன்.

தேன் கிடங்குக்காம். பார்க்கலாம்.

மாசி 12

இடது கண் திறக்கவில்லை. வலது கண்ணால் எழுதுகிறேன்.

காலையில் கக் சோம் ஏணி கொண்டுவந்தாள். நான் கேட்காமலே தானும் நின்றாள். தேங்காய் மட்டையில் புகை போட்டாள். எனக்கு உடம்பு முழுக்கக் கோணி, முகத்தில் பழைய கொசுவலைத் துண்டு. "பதறாதே. மெல்லமா, குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி," என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். சொன்னவளும் கூடு எடுத்தவள் இல்லை. மீன்காரி.

சட்டத்தைப் பெயர்த்ததும் உள்ளே வெதுவெதுவென்று காற்று. ஒரு வாசனை: மெழுகு, பூ, கொஞ்சம் புளிப்பு. அடை அடையாக, வரிசையாக, புத்தகத்தைத் திறந்து நிறுத்தினது போல. மேலே தேன், வெள்ளை மூடி போட்டு. கீழே புழு. தேனீ என் கைமேல் நடந்தது. கொட்டவில்லை. முதலில்.

முதல் அடை அறுத்து வாளியில் வைத்தேன். இரண்டாவது அறுக்கும்போது வலைக்குள் ஒன்று புகுந்துவிட்டது. கண் இமையில். ஏணியை விடக் கூடாது என்பது மட்டும்தான் நினைவில். "துருன்! துருன்!" என்று கக் சோம் கத்தினாள், இறங்கச் சொல்லி. இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

வாளி இரண்டு. ஒன்றில் நல்ல அடை, பார்வைக்குத் தெரிகிற மாதிரி. இன்னொன்றில் அடியில் தேனடை, அதன்மேல் வாழையிலை, அதற்குமேல் புழு அடையும் தேனீயும். சிப்பாய் இரண்டாவது வாளியையும் பார்க்க வந்தான். நான் நீட்டினேன். உள்ளேயிருந்து ஒரு கொத்து எழும்பியது. முந்தாநாள் வீங்கின கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

சபாபதி போகவில்லை. வாழையிலை நுனி வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரெண்டாவதுல வெறும் புழுதான்," என்று உள்ளே கத்திச் சொல்லிவிட்டு, நல்ல வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டில் தேனை வடித்தோம். ஒரு பாட்டிலும் கொஞ்சமும். புண்ணைக் கொதித்தாறின தண்ணீரில் கழுவி, துணியில் நனைத்துக் கட்டினேன். கா. பல்லைக் கடித்துக்கொண்டு, "தேள் கொட்டற மாதிரி இருக்கு," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களைப் பார்த்தா எனக்கு வலி கொறையுது."

மாசி 13

முகம் பூசணிக்காய். குழாயடியில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வரிசையில் முன்னால் விட்டார்கள்.

கூடிழந்த தேனீயெல்லாம் தூங்குமூஞ்சி மரக்கிளையில் ஒரு கொத்தாகத் தொங்குகிறது, நார்த்தங்காய் அளவுக்கு. காலையிலிருந்து அப்படியே. வெயில் ஏற ஏற இறக்கை அடிக்கின்றன. கூட்டைப் பிரித்தது நான்தான். பார்க்கச் சங்கடம். ஆனாலும் மறுபடி செய்வேன்.

கட்டு இரண்டு வேளை மாற்றினேன்.

மாசி 14

தேனீக் கொத்து கிளையை விட்டுப் போய்விட்டது. எப்போது என்று பார்க்கவில்லை.

சபாபதி வந்தார். பின்வாசல் வழியாக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் காட்டிக் குடுக்கல."

"தெரியும்."

"எனக்கும் கொஞ்சம் வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய்க் கா.வின் கட்டைப் பிரித்துக் காட்டினேன். "இதுலேர்ந்து எடுத்துத் தரவா? சொல்லுங்க."

அவர் பார்த்தார். தலை குனிந்தார். "என் சின்னவளுக்குக் கக்குவான். இருமி இருமி நீலம் பாயுது. வெந்நீர் தவிர ஒண்ணுமில்ல வீட்ல. கிடங்குத் தேனு ஆபீசர் அறைக்குப் போயிடுச்சு. நான் தொட முடியாது." திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

கூப்பிட்டேன். சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன்.

கா.வுக்குக் கோபம். "என் காலு, நீங்க தர்மம் பண்றீங்க." சாயங்காலம் வரை பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசாம்?" என்றாள்.

மாசி 17

கடும் வெயில். அஞ்சடியில் காக்கை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாமரத்தில் முசுறு எறும்பு இலையைத் தைத்துக் கூடு கட்டுகிறது. ஒரு வரிசை இலையை இழுத்துப் பிடிக்கிறது, இன்னொரு வரிசை ஒட்டுகிறது. ஒரு மணி நேரம் நின்று பார்த்திருப்பேன். கிடங்கு வாசலில் சிந்தின அரிசி பொறுக்க வேண்டிய நேரம்.

புண்: நாற்றம் குறைந்திருக்கிறதா, என் மூக்குப் பழகிவிட்டதா? கக் சோமைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "கொறஞ்சிருக்கு," என்றாள். பெலாச்சான் விற்கிறவள் மூக்கு. நம்பலாமா.

கருப்புத் தோல் கொஞ்சம் கட்டுத் துணியோடு வந்துவிட்டது. அடியில் ரத்தம். பயந்துவிட்டேன். கா. குனிந்து பார்த்தாள். "சிவப்பாத்தானே இருக்கு அண்ணி. கருப்பா இல்லையே."

மாசி 18

அழுதேன். காரணம் எழுதப் போவதில்லை. துணி துவைத்தேன். பஞ்சு பொறுக்கினேன், ஒரு தலையணைக்குப் போதும்.

மாசி 21

கா.வுக்குக் காய்ச்சல். குளிர் காய்ச்சல்தான், புண்ணால் வந்தது இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிதற்றல்: "பால் மங்கு நெறஞ்சிடுச்சி, வாளி எங்க, மழை வருது, பால் கெட்டுப்போவும்." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அண்ணனையும் கூப்பிட்டாள். நான்தான் பதில் சொன்னேன். "வரேன்மா" என்று.

மாசி 23

காய்ச்சல் விட்டது. எழுந்து மீன்குழம்பு கேட்கிறாள். மீன் இல்லை. கக் சோமிடம் சொன்னேன், தலையும் வாலும் வந்தது. நடுவுப் பகுதி ஜப்பான்காரனுக்கு.

சபாபதி பெண் பரவாயில்லையாம். தேனா, தானாகவா, தெரியாது. அவர் குழாயடியில் என்னைப் பார்த்து வாளியை வாங்கித் தூக்கிவந்தார். 

தேன் பாட்டிலில் பாதிக்குக் கீழ். துணியில் முன்னைவிடக் கொஞ்சமாகத் தடவுகிறேன்.

மாசி 26

லாரி நாளைக்காம். டிரஸர் ஆள் விட்டிருந்தார். கக் சோம் வண்டி. மேடு. மறுபடி ஆஸ்பத்திரி ரோடு, பூவெல்லாம் காய்ந்து பழுப்பாகி ஓரத்தில் கிடக்கிறது.

டிரஸர் கட்டைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஓரத்தை விரலால் அழுத்தினார். "வலிக்குதா?"

"வலிக்குது!" என்றாள் கா. சத்தமாக.

"வலிக்கட்டும். வலிச்சா நல்லது." என்னைப் பார்த்தார். "என்ன வெச்சீங்க?"

சொன்னேன். எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லவில்லை. என் இமையில் இன்னும் கொட்டின தடிப்பு இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை.

"ஓரமெல்லாம் சதை ஏறுது. எலும்புக்குப் போகல." பெயர்த் தாளை எடுத்து ஒரு வரியை அடித்தார். "லாரியில எடம் வேற ஆளுக்கு வேணும். இதையே கட்டுங்க. மிச்சம் இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். உள்ளே கட்டில்களில் இதே மாதிரிக் கால்கள். வரிசையாக.

கொடுக்க மிச்சம் இல்லை. ஆனாலும் பொந்து எங்கே இருக்கும் என்று தேடத் தெரியும் என்றேன். "புகை போட ஆள் இருக்கா?" என்றார். "மீன்காரி இருக்கா."

வாசலைத் தாண்டினதும் கா. வண்டியில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் தள்ளினேன். இறக்கம். வண்டி தானாகவே போனது.

மாசி 29

ரயில் ரோட்டு ஓரம் கக் சோமோடு நடந்தேன், மரப் பொந்து தேடி. புது ரப்பர் இலை தளதளவென்று, செம்பு நிறம். காம்பில் விரல் வைத்து நக்கிப் பார்த்தேன். ஆமாம், தித்திப்பு. ஒரு பழைய மரத்தில் கூடு உண்டு, உயரம் பரவாயில்லை. திங்கட்கிழமை எடுக்கலாம். டிரஸரிடம் சொல்லி பாட்டில் வாங்க வேண்டும். கோணி கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும்.

பங்குனி 5

இரண்டாவது கூடு எடுத்தோம். ஒரு கொட்டுதான், கக் சோமுக்கு. மூக்கில். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பாட்டில், நமக்குக் கொஞ்சம். கட்டிலில் கிடந்த ஒரு தோட்டத்து ஆள், "இது குடிக்கவா, பூசவா?" என்று கேட்டார். "பூச." "ஒரு சொட்டு குடிக்கலாமா?" விரலில் தொட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

பங்குனி 14

மேகம். காற்றில் மண் வாசனை, மழை எங்கோ பெய்கிறது, இங்கே இல்லை.

கா. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். புண் ஒரு வெள்ளிக்காசு அளவு. கணுக்கால் சரியாக மடங்கவில்லை, நொண்டல் இருக்கும் போல. தோட்டத்துக்குத் திரும்பப் போகிறாளாம். விடமாட்டேன் என்றேன். "எனக்கு மரம் வெட்டத்தான் தெரியும்." "ஏணி பிடிக்கக் கத்துக்கோ." வாக்குவாதம். கோபத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் குழாய்க்குக் கிளம்பிவிட்டாள். தடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து, இரண்டு காலும் மண்ணில்.

இப்போது அங்கே கூச்சல். யாரோ வரிசையில் முன்னால் புகுந்திருக்கிறார்கள். "நான் இங்க நின்னுக்கிட்டிருக்கேன், கண்ணு தெரியலையா? நின்னுக்கிட்டிருக்கேன்!" அவள் குரல்தான். போய்ப் பிரிக்கணும்.